பி பக்கத்தில் மிச்சம்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தூசி மாஸ்டர் என்றால்தான் தெரியும். பாட்டுப் பதிவுக் கடை வைத்திருந்தவர். ஒரு சீட்டில் பத்துப் பாட்டு எழுதிக் கொடுத்தால், இசைத்தட்டை எடுத்து ஊதி, மெத்தென்ற துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இன்னும் தூசி இருக்கே" என்று மறுபடி துடைப்பார். வந்தவனுக்குப் பொறுமை போய்விடும். ஆனால் அவர் பதிந்து கொடுத்த கேசட்டில் ஒரு கரகரப்பு இருக்காது, அதையும் சொல்ல வேண்டும்.

சிடி வந்தது, சமாளித்தார். பென்டிரைவ் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அதிலும் ஏற்றிக் கொடுத்தார். கடைசியில் எல்லாப் பாட்டும் எல்லார் போனிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்புறம் எவன் சீட்டு எழுதுவான்? கடையை மூடினார். அதற்காக அழுதார் என்று நினைக்காதீர்கள். போனில் முதல் பாட்டைக் கேட்டதுமே, "தூசியே இல்லடி!" என்று மனைவியிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்ன மனுஷன். அவள் சிரித்தாள். பதில் சொல்ல முடியாது. தொண்டையில் கட்டி என்று அறுத்ததில் குரல் போய் அப்போதே ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவள் இறந்து எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, அம்மா குரல் எப்படி இருக்கும்?"

"இதென்ன கேள்வி?"

"மறந்துபோச்சுப்பா. நேத்து பாத்திரம் தேய்க்கும்போது நினைச்சுப் பார்த்தேன், வரவே மாட்டேங்குது. சிலேட்டுல எழுதி எழுதிக் காட்டினாளே, அதுதான் வருது."

அவருக்குச் சுருக்கென்றது. நினைத்துப் பார்த்தால் அவருக்கும் வரவில்லை.

தேடினார்கள். போனில் அவள் முகம் ஆயிரம் இருந்தது. எல்லாம் குரல் போன பிறகு எடுத்தது. மகளின் கல்யாண வீடியோவில் ஆரம்பம் முதல் கடைசி வரை பாட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பாட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்த மகராசன் யார்? இவரேதான்.

"உலகத்துல வாயைத் திறந்து பாடினவங்க எல்லாரும் இதுக்குள்ள இருக்காங்க," என்று மகள் போனைக் கட்டிலில் வீசினாள். "எங்கம்மா மட்டும் இல்ல."

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது, மகளிடமும் சொன்னார். மனைவி ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, பிடித்த பாட்டு வந்தால் ஓடிப்போய் பட்டனை அமுக்குவாளே! அறையில் என்ன சத்தம் இருந்தாலும் அதில் விழுந்திருக்குமே! அறுபத்தைந்து வயசு, முட்டிவலி, எதையும் பார்க்காமல் ஏணியில் ஏறிப் பரணிலிருந்து செருப்புப் பெட்டியை இறக்கினார். ஏழு கேசட். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து.

டேப் ரெக்கார்டரில் பெல்ட் உருகிக் கிடந்தது. சமையலறையிலிருந்து ரப்பர் பேண்டை எடுத்து மாட்டினார். ஓடியது. முதல் கேசட்டைப் போட்டதும், கொஞ்சம் இழுத்து இழுத்து, ஆனால் சுத்தமாக, ஒரு பாட்டு வந்தது. ரேடியோ இரைச்சல் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. இரண்டாவதும் அப்படியே.

"ரேடியோவுல பிடிச்சதுன்னு சொன்னீங்களே?"

அவர் கேசட்டைத் திருப்பி முதுகைப் பார்த்தார்.

கேசட் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காது இருக்கும். உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அவள் ஒவ்வொன்றையும் பத்திரமாக உடைத்து வைத்திருந்தாள். அந்த ஓட்டைகளின் மேல் ஒட்டு டேப், மஞ்சளாகிப்போய். ஓட்டையை அடைத்தால் மறுபடி பதியலாம். அந்த வேலை தெரிந்தவர் வீட்டில் ஒரே ஆள்தான்.

"நான்தான்மா," என்றார். "கடைக்காரன் பொண்டாட்டி இரைச்சலோட கேட்கலாமான்னு, கல்யாண நாளுக்குத் தெரியாம எடுத்துட்டுப்போய், அதே பாட்டை இசைத்தட்டுலேர்ந்து மேலயே பதிஞ்சு கொடுத்தேன். ஏழையும்."

"அம்மா என்ன சொன்னா?"

"நல்லா இருக்குன்னா."

மகள் அடுத்த கேசட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மிச்சத்தைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று அவருக்குத் தெரியும். கடைசிப் பாட்டு முடிந்ததும் டேப்பின் வால்வரை வெறுமனே ஓடவிட்டுப் பழைய சத்தத்தை அழித்துவிடுவது அவர் வழக்கம். மிச்சம் மீதி வைக்கவே மாட்டார். அதில் அவருக்கு எவ்வளவு பெருமை! இருந்தாலும் மகள் உட்கார்ந்திருந்தாளே, ஒவ்வொன்றாகப் போட்டார். வாலில் வெறும் அமைதி. மத்தியானம் தாண்டியும் இருவரும் சாப்பிடவில்லை.

ஏழாவதின் பி பக்கம். பாட்டு முடிந்தது. டக் என்று ஒரு சத்தம். அன்றைக்கு எந்த வாடிக்கையாளரோ வாசலில் நின்று கூப்பிட்டிருக்க வேண்டும். பாட்டு முடிந்ததுமே நிறுத்திவிட்டு எழுந்துபோயிருக்கிறார்.

டக்குக்குப் பின்னால் ரேடியோ இரைந்தது. எங்கோ குழாய்த் தண்ணீர் விழுந்தது. ஒரு குழந்தை, "அம்மா, நீயும் பாடும்மா," என்றது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவளேதான், நாலு வயசில்.

"உஷ்," என்றது இன்னொரு குரல். குரல்கூட இல்லை, கிசுகிசுப்பு. "பேசாதடி கண்ணு. நம்ம சத்தம் விழுந்தா அப்பாவுக்குப் பிடிக்காது. பாட்டு முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

பிறகு ரேடியோ மட்டும். பாட்டு முடிவதற்குள் டேப் முடிந்து பட்டன் தானாக எகிறியது.

அவர் பேனாவை விட்டுச் சுற்றி, ரப்பர் பேண்டைச் சரிசெய்து, மறுபடி போட்டார். மகள் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிந்துகொண்டாள். மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அதே கிசுகிசுப்புதான்.

"இது அவ குரலே இல்லப்பா," என்று மகள் அழுதாள். "யார் கிசுகிசுத்தாலும் இப்படித்தான் இருக்கும்."

அவர் கேசட்டை வெளியே எடுத்தார். ஒட்டு டேப்பை நகத்தால் கீறிக் கீறி உரித்தெடுத்தார். உள்ளே அவள் உடைத்த ஓட்டை அப்படியே இருந்தது.

"எங்கிட்ட தனக்குப் பிடிச்சதைப் பத்திப் பேசறப்ப எல்லாம் அவ இப்படித்தான்மா பேசுவா," என்றார்.