மொட்டைப் பக்கம் புறாவுக்கு

எங்கள் இம்பாபாப் பேட்டையில் புறாக்கூடு கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கொள்கைதான். போல்ட்டின் மொட்டைப் பக்கம் புறாவுக்கு, நட்டுப் பக்கம் தெருவுக்கு. ஆட்சிகள் மாறியிருக்கின்றன, ரொட்டியின் அளவு மாறியிருக்கிறது, இந்தக் கொள்கை மட்டும் மாறியதில்லை.

கடையில் கேரேஜ் போல்ட் என்று கேட்டு வாங்குகிற சாமான் அது. தலை வழவழவென்று குவிந்திருக்கும், புதிதாக மொட்டையடித்த மாதிரி. ஸ்பானர் பிடிக்க விளிம்பு கிடையாது, திருப்புளி நுழையக் கீறல் கிடையாது. தலைக்குக் கீழே கழுத்து மட்டும் சதுரம். சுத்தியலால் தட்டினால் அந்தச் சதுரம் மரத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் போல்ட் சுழலாது. மறுபக்கம் நின்று ஒரே ஆள் நட்டை முறுக்கிவிடலாம். அந்த மறுபக்கத்தில் நட்டும் மரையுமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். புறாவின் காலில் பட்டால் கிழித்துவிடும். ஆகவே மொட்டை உள்ளே, நட்டு வெளியே. புறாவின் காலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட எங்கள் பேட்டைக்காரர்கள், அந்த 'வெளியே' என்பது எங்கே இருக்கிறது என்று யோசித்ததில்லை.

என் அக்கா நகாத்தின் வீட்டைப் பொறுத்தவரை அது ஆகாயத்தில் இருக்கிறது. அவர்கள் குடியிருப்பது கட்டடத்தின் கடைசி மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி. அதன் விளிம்பில், பேரீச்ச மரம் உயரத்துக்கு நான்கு மரக்கால்கள் வைத்து, உச்சியில் ஒரு பெரிய மரப்பெட்டியை உட்கார வைத்து, பச்சையும் சிவப்பும் அடித்து என் மச்சான் ஷவ்கி கட்டிய புறாக்கோபுரம். ஏன் விளிம்பில் கட்டினீர்கள் என்று கேட்டால் எதிர் மாடியைக் காட்டுவார். அங்கே பக்கரியின் கோபுரமும் விளிம்பில்தான் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து, சந்தில் ஒரு ரொட்டிக்கடை. வழி தவறி எதிரி மாடியில் இறங்கிய புறா எதிரிக்குச் சொந்தம். திருப்பிக் கேட்பதைவிட மீசையை மழித்துக்கொள்ளலாம்.

மச்சான் பிழைப்புக்குப் பஸ் ஓட்டுகிறார். கோபுரம் கட்டிய காலத்தில் போல்ட் பொறுக்க என்னையும் சந்தைக்குக் கூட்டிப்போனார், சுமக்க. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். பளபளப்பாக மஞ்சள் பூச்சு பூசியதை எடுத்தவுடனே கீழே வைத்தார்.

"இது கல்யாண மாப்பிள்ளை மாதிரிடா. ஒரு வருஷம் பளபளக்கும். புறா எச்சம் பட்டா அவ்ளோதான்."

உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, சொரசொரப்பான சாம்பல் நிறத்தைத்தான் எடுத்தார். விரல் பருமன். இரண்டு மரத்துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, அதன்மேல் வாஷரும் நட்டும் வைத்து, அதற்கு மேல் நகக்கண் அளவு முனை மிஞ்சுகிறதா என்று பார்த்து நீளத்தை முடிவு செய்தார். வாஷர் நட்டுக்கு மட்டும். மொட்டைக்கு அடியில் போட்டால் கழுத்து மரத்தைக் கடிக்காது என்று கடைக்காரருக்கே வகுப்பெடுத்தார். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும்.

போல்ட்டில் குறையே இல்லை. மரம்தான் பச்சை. நன்றாகக் காய்ந்தது என்று மரக்கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். கோபுரத்தை மாடியில் படுக்கப்போட்டு, டீ குடித்துக்கொண்டே நட்டுகளை முறுக்கி, தெருவே திரண்டு வந்து நிமிர்த்தி வைத்தது. பிறகு ஒரு கோடை முழுக்க மரம் உட்கார்ந்து நிதானமாகச் சுருங்கியது.

பாலைவனப் புழுதியை அள்ளிவரும் கமாசீன் காற்று அடித்த வெள்ளிக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தேன். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அக்கா இலையில் அரிசி சுருட்டிச் சமைத்த மஹ்ஷியைத் தின்பதற்காக. தொழுகை முடிந்து வரும்போதே வானம் கடுகு அரைத்த நிறத்துக்கு வந்துவிட்டது. சாப்பாட்டின் நடுவில் கூரைக்கு மேலே டக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக்.

மச்சான் கையிலிருந்த இலைச்சுருளைத் தட்டில் வைத்தார். அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

"என்ன அது?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. காத்து."

"காத்து உஸ்ஸுன்னுதான் வரும். டக்குன்னு வராது."

மேலே ஓடினோம். கோபுரம் ஆடிக்கொண்டிருந்தது. கோபுரம் ஆடுவது வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை கால்கள் ஒரு தாளத்திலும் பெட்டி வேறொரு தாளத்திலும் ஆடின. சந்துப் பக்கத்துக் காலில் பெட்டி விலகிப்போய், திரும்ப வந்து முட்டியது. டக். கீழே ரொட்டி வரிசை நின்றுகொண்டிருந்தது. ரொட்டி வரிசையைக் கமாசீன் கலைக்காது.

"நான் போய் ஜனங்களை விலக்கறேன்" என்று அக்கா படியிறங்கினாள். இரண்டு படி இறங்கித் திரும்பினாள். "ஷவ்கி, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அத்தனை புறாவுக்கும் கோதுமை அடைச்சு அடுப்புல வெச்சிருவேன். சொல்லிட்டேன்."

 

எனக்கு உயரம் ஆகாது. நாற்காலியில் ஏறி பல்பு மாட்டும்போதே கலிமா சொல்லிக்கொள்கிறவன். இருந்தும் கருவிப் பையையும் கயிற்றுச் சுருளையும் தூக்கிக்கொண்டு மச்சானுக்குப் பின்னால் ஏணியில் ஏறினேன். அதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம், தனியாகக் கீழே நின்று அதை அண்ணாந்து பார்ப்பது இன்னும் மோசமாக இருந்தது. பெட்டிக்குள் தவழ்ந்து போனோம். புறாக்கள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கியிருந்தன. ஒன்றுகூடக் குனுகவில்லை.

சந்துப் பக்க மூலையில் மச்சான் வரிசையாக நீலம் அடித்துவைத்த மொட்டைத் தலைகள் தெரிந்தன. கண் படாமல் இருக்க அடித்தது. நடுவில் இருந்ததன்மேல் விரலை வைத்தேன்.

சுழன்றது.

கடையில் பொம்மைக் காற்றாடியைத் தொட்டால் சுழலுமே, அவ்வளவு சுலபமாக. மரம் சுருங்கி, நட்டு தளர்ந்து, ஆடி ஆடிச் சதுரக் கழுத்து தன் ஓட்டையைத் தானே வட்டமாக்கிக்கொண்டுவிட்டது. 

"மச்சான், கதவைத் திறந்து புறாவை விட்டுட்டு இறங்கிடலாம்."

"இந்தப் புழுதியில பறந்தா எங்க போகும்? நேரா பக்கரி கூட்டுக்கு." அவர் ஏற்கெனவே வளைய ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். "இறங்கினா மட்டும் பெட்டி நிக்குமா? நட்டை முறுக்கணும்."

"நட்டு வெளியில இருக்கு."

"எனக்குத் தெரியாதா? நான்தானே வெச்சேன்."

கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையைக் கட்ட இடம் தேடினோம். உறுதியாக நிற்கிற எதுவும் கயிறு எட்டுகிற தூரத்தில் இல்லை. கடைசியில் கோபுரத்திலேயே கட்டினோம். விழப்போகிற பொருளோடு, விழுந்துவிடாமல் இருக்க, என் அக்காவின் புருஷனை நானே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். இரட்டை முடிச்சு.

அவர் புறா இறங்கும் பலகை வழியாக வெளியே போனார். செருப்பில்லாத பாதங்கள் கடைசியாகத் தெரிந்தன, பிறகு அவையும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"மொட்டையைப் பிடி. நான் முறுக்கறேன்."

பிடித்தேன். வழுக்கியது. குறடால் பிடித்தேன், குறடும் வழுக்கியது. பிடிக்க முடியாதபடி செய்யப்பட்ட தலையைப் பிடி என்கிறார். அவர் முறுக்க முறுக்க இந்தப் பக்கம் என் கைக்குள் மொட்டை சுழன்றுகொண்டே இருந்தது.

எதிர் மாடியிலிருந்து பக்கரியின் குரல் காற்றில் கிழிந்து வந்தது. "ஷவ்கி, பஸ்ஸை எங்கடா நிறுத்திட்டு வந்த? ஸ்டாப்பு கீழ இருக்கு."

"மூடிட்டு உன் கூட்டைப் பாரு."

"எங்கூடு நல்லாத்தான் நிக்குது. நீ விழுந்தா அந்த வெள்ளைப் பெட்டைப் புறாவை மட்டும் எனக்கு எழுதி வெச்சுட்டு விழு."

பெரிய காற்று ஒன்று வந்தது. பெட்டி காலைவிட்டு விலகியது. இடையில் ஒரு கோடாக வெளிச்சமும், அந்த வெளிச்சத்தில் மச்சானின் சட்டையும், சட்டைக்குக் கீழே வெகு தூரத்தில் ரொட்டிக்கடையின் தகரக் கூரையும் தெரிந்தன. பிறகு மூடிக்கொண்டது. டக்.

பக்கரி அடுத்த கேலியைச் சொல்லவில்லை. காத்திருந்தேன். சொல்லவே இல்லை. அதுவரை நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்து அவனுக்கு எல்லாம் தெரிகிறது. தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டான்.

"ஷவ்கி" என்றான் பிறகு, மருத்துவமனையில் பேசுகிற குரலில். "இடது காலைக் கொஞ்சம் கீழே இறக்கு. அங்க கட்டை இருக்கு. இன்னும் கீழே. ஆங், அதான்."

"மாப்ள" என்றார் மச்சான் பலகைக்கு அந்தப் பக்கம். "சுழலாம ஏதாவது பண்ணு. என் கை மரத்துப்போகுது."

சட்டைப் பையைத் துழாவினேன். தேர்வில் வட்டம் நிரப்புவதற்காக வைத்திருந்த பென்சில். பல்லால் கடித்துப் பிளந்தேன். பாதியைக் கழுத்துக்கும் ஓட்டைக்கும் நடுவில் சொருகி, சுத்தியலை எடுத்தேன். ஓங்கினால் போல்ட் அந்தப் பக்கம் அவர் முகத்தைக் குத்தும். மெல்லத் தட்டினால் பென்சில் இறங்காது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். இன்னொரு தட்டு. சுழற்சி நின்றது.

"முறுக்குங்க மச்சான்."

முறுக்கினார். மரம் முனகியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்த அந்த நொடியில் அவர் கால் வழுக்கியது.

'யா சாத்திர்', காப்பாத்து இறைவா, என்று பக்கரி சொன்னது கேட்டது. கயிறு விறைத்தது, கோபுரம் முழுவதும் சந்துப் பக்கமாக ஒரு தடவை குனிந்தது. மச்சானின் முழுப் பாரமும் ஒரு கையில், அந்தக் கை ஸ்பானரில், ஸ்பானர் நட்டில், நட்டு போல்ட்டில், போல்ட் என் பென்சிலில். என் உள்ளங்கைக்கு அடியில் மொட்டைத் தலை க்ர்ர்க் என்று மரத்துக்குள் இறங்கியது. ஸ்பானரின் கைப்பிடி வலது பக்கம் நீட்டியிருந்தது. ஆகவே அவர் தொங்கத் தொங்க நட்டு இறுகியது. இடது பக்கம் நீட்டியிருந்தால் கழன்றிருக்கும். எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்று அவர் யோசித்து மாட்டியிருக்க மாட்டார். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளாமல் இருக்க இன்றுவரை முயல்கிறேன்.

எப்படியோ காலைக் கட்டையில் வைத்தார். பலகையில் ஒரு கை தெரிந்தது, பிறகு புழுதி அப்பிய ஒரு முகம். இழுத்து உள்ளே போட்டேன். புறா எச்சத்தில் இருவரும் மல்லாந்து கிடந்தோம். ஸ்பானரைப் பிடித்த அவர் விரல்கள் விரிய மறுத்தன.

டக் சத்தம் நின்றிருந்தது. 

"ஷவ்கி" என்று எதிரிலிருந்து அதே மருத்துவமனைக் குரல். "சொல்ல மனசு வரல. அதுக்குக் கீழ இருக்கிறதும் சுத்துது. நட்டு முனைக்கு வந்துருச்சு."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் ஸ்பானரைப் பார்த்தார், பிறகு மூலையில் ஒடுங்கியிருந்த புறாக்களைப் பார்த்தார். 

"கதவைத் திற" என்றார்.

திறந்தேன். வெள்ளைப் பெட்டை முதலில் போனது. மற்றவை பின்னாலேயே, மஞ்சள் புழுதிக்குள். அவர் சொன்னபடியேதான், நேராக எதிர் மாடிக்கு. ஆனால் பக்கரி தன் கூட்டுக் கதவைச் சாத்திவிட்டு, புறா ஓட்டுகிற கொடியை வீசிக்கொண்டு நின்றான். எங்கள்மேல் இரக்கப்பட்டு அவற்றை எங்களிடமே திருப்பி விரட்டிக்கொண்டிருந்தான். அவை சந்துக்கு மேல் வளைந்து, மறுபடி எங்கள் பெட்டிக்கே வந்தன.

மச்சான் பலகையில் தலையை நீட்டினார். இம்பாபாவில் எந்தப் புறாக்காரனும் எதிரியிடம் சொல்லியிராததைச் சொன்னார்.

"வாங்கிக்கடா. கையெடுத்துக் கும்பிடறேன், வாங்கிக்க."

கொடி நின்றது. எதிர்க் கதவு திறந்தது.

நாங்கள் இறங்கினோம். ஏணியில் எந்தப் படியில் கால் வைத்தேன் என்று நினைவில்லை. தெருவில் இருந்தவர்களை அக்கா மேலே ஓட்டிக்கொண்டு வந்தாள்; ஆளுக்கொரு கயிறு போட்டு, இருட்டுவதற்குள் கோபுரத்தை மாடிப் பக்கமாகவே சாய்த்துப் படுக்கவைத்தார்கள். அக்கா, ஆறிப்போன மஹ்ஷியை மச்சான் வாயில் ஊட்டினாள், கை இன்னும் விரியாததால்.

மறு வெள்ளிக்கிழமை, படுத்திருந்த கோபுரத்தில் எல்லா போல்ட்டையும் தட்டிக் கழற்றித் திருப்பிப் போட்டோம். மொட்டை தெருவுக்கு, நட்டு உள்ளே. நட்டுமேல் புறாவுக்காக ரப்பர்க் குழாய் வெட்டி மாட்டினோம். பார்க்க வந்தவர்கள், என்னப்பா இது, சட்டையை உள்பக்கம் வெளியே போட்ட மாதிரி என்றார்கள். மச்சான் என் பென்சிலோடு வெளியே வந்த போல்ட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் குப்பையில் போட்டார்.

சாயங்காலம் பக்கரி வந்தான். இந்த மாடியில் அவன் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. புறாக்களைக் கொண்டுவரவில்லை, சட்டம் சட்டம்தான். அக்கா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு நின்றான். ரப்பர் மாட்டிய நட்டு ஒன்றைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு திரும்பித் தன் மாடியைப் பார்த்தான். அவன் கோபுரம் எங்களுடையதைவிட உயரம், எங்களுடையதைவிடப் பழசு. சந்தைப் பார்த்து வரிசையாக நட்டுகள்.

"நேத்து ராத்திரி லேசாத்தான் காத்து" என்றான். "எங்கூட்டுல டக்குனுச்சு."

எங்கள் பக்கம் திரும்பினான்.

"அந்த வளைய ஸ்பானரைக் கொஞ்சம் குடு, ஷவ்கி." டீயை ஒரே மடக்கில் குடித்தான். "உள்ள இருந்து மொட்டையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தேர்வு இருக்கிறது என்றேன். என்றைக்கு என்று கேட்டார்கள். அடுத்த மாதம் என்று சொல்வதற்குள் அக்கா உள்ளேயிருந்து ஒரு புதுப் பென்சிலைக் கொண்டுவந்து நீட்டினாள்.