குடும்பத்துக்கு மட்டும்

எழுந்ததும் படுக்கையைச் சுருட்டி மூலையில் வைத்தான். பல் துலக்கினான். வேலைச் சட்டையின் காலர் இன்னும் ஈரமாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் காய வைத்தான். லிஃப்ட் கிரீஸ் பட்ட கறை சட்டைப் பை ஓரத்தில் அப்படியே இருந்தது. டீ போட்டு நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லாததால் நாற்காலியில் உட்கார்ந்தான். இன்று அரைநாள் லீவு. இந்த வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

நகரத்திலிருந்து வரும் ரயிலுக்கு இது கடைசிக்கு முந்தைய ஸ்டேஷன். இரண்டு பக்கமும் மதில், மரம், சாத்திய கேட். "இங்க காக்காகூட அனுமதி கேட்டுட்டுத்தான் சார் கத்தும்" என்று, இந்த வீட்டைக் காட்டிய அன்று புரோக்கர் சொன்னபோது, அவன் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. கல்யாணமாகி அவர்கள் எடுத்த முதல் வீடு இதுதான். மழை விட்ட சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. அவ்வளவுதான்.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா போன மாதம் வாசலில் நின்று பேச்சை எடுத்தாள்.

"வேற வீடு பாத்துக்கோ தம்பி. முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன், வாய் வரல."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"தப்புன்னு யாரு சொன்னா? குடும்பத்துக்கு மட்டும்னுதானே விட்டோம். மேல வயசுப் பொண்ணு இருக்கா. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"நாங்க உங்களுக்கு எந்தத் தொந்தரவும் குடுக்கலையேம்மா."

"நாங்கன்னா?" என்றாள்.

வேண்டுமென்று கேட்கவில்லை. கேட்ட பிறகு அவள் முகமே சுண்டிப் போயிற்று. முந்தானையால் கேட்டின் கம்பியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் அவள் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை என்று நினைத்திருந்தான். அது பன்மை மட்டும்தான் போலிருக்கிறது.

வேறு வீடு தேடினான். போன் செய்த இடத்திலெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேர்? ஒருத்தன் என்றால், "பேச்சிலரா?" இல்லை என்றால், "அப்ப ஒய்ஃப் எங்க?" பதில் சொன்னதும் "அடடா" என்பார்கள். பிறகு, வீடு போன வாரமே போய்விட்டது என்பார்கள்.

கூட வேலை செய்யும் மெக்கானிக்குக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர். லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு கத்தினான்.

"அரிச்சந்திரனுக்கு எவன்டா வீடு குடுப்பான்? ஒய்ஃப் ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லித் தொலை. உள்ள பூந்துட்டா அப்புறம் எவன் வந்து எண்ணிப் பாக்கப் போறான்?"

அன்று மதியமே ஓர் இடத்தில் அப்படிச் சொன்னான். "ஊருக்குப் போயிருக்காங்க."

"சந்தோஷம் சார். எப்ப வருவாங்க?"

போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. வேறு எந்த வீட்டுக்குப் போனாலும் அது அவள் காலே வைக்காத வீடு.

கேட் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மாவுக்குப் பின்னால் ஓர் இளம் ஜோடி உள்ளே வந்தது. கணவன் சுவரைத் தட்டிப் பார்த்தான். அந்தப் பெண் சமையலறை அலமாரியைத் திறந்து, உள்ளே இன்னும் சாமான் இருப்பதைப் பார்த்துச் சட்டென்று மூடினாள்.

"ஏன் சார் காலி பண்றீங்க?" என்று கேட்டான் கணவன்.

அவன் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரம்மா முந்திக்கொண்டாள். "அவருக்கு மாத்தல் ஆயிடுச்சு."

அவன் தலையாட்டினான். "ஆமா. மாத்தல்."

"உங்க வீட்ல அவங்க முன்னாடியே போயிட்டாங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா. முன்னாடியே போயிட்டாங்க."

வீட்டுக்காரம்மா தரையைப் பார்த்தாள். பிறகு அவசரமாக ஜோடியைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்து குரல் கேட்டது.

"தண்ணிக்குக் குறையே இல்லம்மா. மோட்டார் சுவிட்ச் இதோ. ஒண்ணே ஒண்ணு, தொட்டி வழிஞ்சா மட்டும் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"நாங்க பாத்துக்கறோம் ஆன்ட்டி."

அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, ஸ்டேஷனைத் தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் முடிகிறபாடில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் இறங்கி நின்று பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறந்து, மூக்கிலிருந்த மாஸ்க்கை விரலால் ஒதுக்கினாள். அவன் குனிந்து காதை வைத்தான்.

"மோட்டார நிறுத்திட்டோமா? வழிஞ்சா நம்மள காலி பண்ணச் சொல்லிடுவாங்க."