சோல்ஜர் பன் பரீட்சை

யுத்த காலத்தில் மதுரை பட்ட கஷ்டங்கள் கொஞ்சமில்லை. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு வரிசை, பத்திரிகைக் காகிதத்துக்குப் பஞ்சம். இதெல்லாம் போதாதென்று சோல்ஜர் பன்னும் வந்து சேர்ந்தது.

ரயிலடியில் இறங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன், எதிரே இருந்த மிலிட்டரி ஹோட்டலுக்குள் நுழைந்து, கொத்துக்கறியை வடை மாதிரி தட்டிப் பொரித்து, பன்னை இரண்டாகப் பிளந்து நடுவில் வைத்துக் கொடு என்று கைஜாடை காட்டினானாம். கொடுத்தார்கள். அவன் தின்றுவிட்டு ரயிலேறிப் போய்விட்டான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு வருஷத்துக்குள் டவுன் ஹால் ரோடு முதல் சிம்மக்கல் வரை கறி வேகிற இடத்திலெல்லாம் 'இங்கு அசல் சோல்ஜர் பன் கிடைக்கும்' என்று போர்டு தொங்கியது. அசல் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரே ஆசாமி பர்மா எல்லையில் இருந்தான். அவனைக் கேட்க யாருக்கும் வழியில்லை.

அப்போது நான் 'வைகைத் தென்றல்' என்ற வாரப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தேன். என் பெயர் வெங்கட்ரமணன். சுத்த சைவம். ஆனாலும் பத்திரிகை விற்க வேண்டுமே. கோவில் உற்சவச் செய்திகளை எத்தனை பக்தியோடு எழுதினாலும் மதுரை ஜனங்கள் அதைப் புரட்டிக்கொண்டு போனார்கள். கடைசிப் பக்கத்தில் 'சோல்ஜர் பன் பரீட்சை' என்ற பகுதியை ஆரம்பித்தேன். வியாழக்கிழமை காலையில் கடைக்குப் போன பிரதிகள் மத்தியானத்துக்குள் தீர்ந்தன. என் மனைவி வாலாம்பாள் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டாள். போடுவதற்கு முன்னால் ஒருதரம் படித்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

வாயில் வைக்காத பண்டத்துக்கு நான் எப்படித் தீர்ப்பு எழுதினேன் என்று கேட்கலாம். மதுரையில் இருக்கிற சங்கீத விமர்சகர்களில் பாதிப் பேர் எப்படி எழுதுகிறார்களோ அப்படித்தான். ஆனால் அவர்களைப் போல் நான் கற்பனையை நம்பவில்லை. எனக்குக் காசிமாயன் கிடைத்தார்.

காசிமாயன் நாகமலைக்கு மேற்கே கிணறும் நஞ்சையுமாக இருந்த சம்சாரி. ஒரு வரப்புத் தகராறுக்காக மதுரைக் கோர்ட்டுக்கு வருஷக்கணக்காக வந்து போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் வாய்தா. வக்கீல் மறுபடி கூப்பிடும் வரை ஹோட்டல் ஹோட்டலாக உட்கார்ந்து அவருடைய நாக்கு நீண்டுவிட்டது. கேஸில் தீர்ப்பு வராத ஆத்திரத்தையெல்லாம் கறிமேல் தீர்ப்புச் சொல்லித் தீர்த்துக்கொண்டார். அவர் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தால் கல்லாவில் இருப்பவன் எழுந்து நிற்பான். அந்த மரியாதை அவருக்கு வெற்றிலை பாக்கைவிடப் பிடித்த வஸ்து.

அவர் உள்ளே போவார். நான் தெருவில் கோலி சோடாவோடு நிற்பேன். பன் வந்ததும் மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், மோந்து பார்ப்பார். பிறகு ஒரே ஒரு கடி. கண்ணை மூடி மென்று, விழுங்கி, மீதியை அப்படியே தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்துவிடுவார். இரண்டாவது கடி கடித்து நான் பார்த்ததில்லை. ஏன் ஓய் பண்டத்தை வீணாக்குகிறீர் என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டாங் கடி கடிச்சா அது பரீட்சை இல்ல சாமி, பசி" என்றார். அதை நான் பகுதியின் தலைப்புக்குக் கீழே வாராவாரம் அச்சடித்தேன். அதற்குப் பிறகு அவருடைய மீசை இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று.

தீர்ப்புகளும் லேசுப்பட்டவை அல்ல. ரயிலடி ஹோட்டலில் பன் முந்தாநாள் சுட்டது, கறி அதற்கும் மூத்தது. டவுன் ஹால் ரோட்டில் மாடியில் மின்சார விசிறி வைத்திருந்த இடத்தில் கறியைவிட உருளைக்கிழங்கு அதிகம். "நாலு ஆட்டுக்கு நாப்பது மூட்டை கிழங்கு போல" என்றார் காசிமாயன். சிம்மக்கல்லில் ஒருவன் பன்னுக்குள் தக்காளிச் சட்டினியைக் கொட்டி, அது வெள்ளைக்காரன் வழக்கம் என்று சாதித்தான். "வெள்ளைக்காரன் ஏன் ஊரைவிட்டு ஓடப் பாக்குறான்னு இப்பத்தேன் வெளங்குது" என்று சொல்லிவிட்டு வந்தார். இன்னொருவன் தீர்ப்பு நல்லபடியாக வரட்டும் என்று பன்னோடு ஒரு முழு ஈரலையும் வைத்தான். ஈரலையும் ஒரு கடி கடித்துவிட்டு, அதற்கும் தனியாகத் திட்டினார். எனக்கு அவர் மேல் மரியாதை கிடையாது. ஆனால் அவரை மாதிரி கேவலமாகப் பேச இந்த ஊரில் இன்னொருவர் இல்லை, எனக்கு அது வேண்டியிருந்தது.

அந்த ஆடி மாதத்தில் ஒருநாள் காலை என் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"இந்த வாரம் ஆரப்பாளையம் போவோம் சாமி."

"ஆரப்பாளையத்தில் இருக்கிறது உம்ம தங்கை கடை அல்லவா?"

"கடைன்னா எல்லாம் கடைதேன்" என்றார்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். கோர்ட்டு வாசலில் வாய்தாவுக்குக் காத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தங்கை பெயர் தங்கப்பொண்ணு. பதினெட்டு வருஷத்துக்கு முன் அவள் மகன் தவசிக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் காசிமாயன் சீர்வரிசையோடு போய், பிள்ளையை மடியில் வைத்துக் காதும் குத்தியாயிற்று. பிறகு பந்தி. தங்கை தன் கையால் சமைத்த கறிச்சோறு. முதல் இலையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னிலையில், "கறியா இது? எங்க வீட்டு நாய் மோந்துட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டு இலையைவிட்டு எழுந்தார். ஒரு வாய் சோற்றோடு தாய்மாமன் எழுந்த இலையை அவளே வந்து எடுத்தாளாம். அன்றோடு போக்குவரத்து நின்றது. இவர் வீட்டில் அவள் கை நனைப்பதில்லை, அவள் வீட்டில் இவர் கை நனைப்பதில்லை. தண்ணீர்கூடக் கிடையாது. பிறகு மழை பொய்த்துத் தங்கை வீட்டு நிலம் கைவிட்டுப் போனது. தங்கப்பொண்ணும் புருஷனும் ஆரப்பாளையத்துக்கு வந்து கறிச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். தவசி மில்லில் சேர்ந்தான். காசிமாயன் எட்டிப் பார்க்கவில்லை.

ஜட்காவில் போகும்போது விஷயத்தைச் சொன்னார். அவருடைய மகள் பாண்டியம்மாளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. முறை மாப்பிள்ளை தவசி இருக்கும்போது வேறு யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டது. மூன்று இடத்திலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவருடைய மனைவி ஒச்சாயி ஒரு மாதமாக அவரோடு பேசுவதில்லை. ஆவணி பிறந்ததும் தவசிக்கு வேறு இடத்தில் பரிசம் போடப் போகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது.

"போய்ப் பேச வேண்டியதுதானே?" என்றேன்.

"நானாப் போயி அவ வாசல்ல நிக்கவா? நல்லாச் சொன்னீக." மீசையை நீவிக்கொண்டார். "பரீட்சைக்குத்தேன் போறேன். திம்பேன், காசு குடுப்பேன். அவ வாங்க மாட்டா. வாங்கலேன்னா நான் அவ கையால கை நனைச்சதாச்சு. கை நனைச்சிட்டா பகை இல்லேன்னு அர்த்தம். அப்புறம் அவளே பேச்ச எடுப்பா."

"வாங்கிவிட்டால்?"

"எந்தத் தங்கச்சி சாமி அண்ணங்கிட்டக் காசு வாங்குவா" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாய் வராத மனிதன், மன்னிப்பை ஒரு பன்னுக்குள் வைத்து வாங்கிக்கொண்டு வரக் கிளம்பியிருந்தார். அதற்குச் சாட்சியாக ஒரு பத்திரிகைக்காரன் வேறு. எனக்குச் சிரிப்பை அடக்கிக்கொள்வது சிரமமாக இருந்தது.

கடை என்றால் கீற்றுக் கொட்டகைதான். போர்டு கிடையாது, அசல் என்ற வார்த்தை எங்கும் இல்லை. ஆனால் மில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தங்கப்பொண்ணு கல் முன்னால் நின்று கறியைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கம் அவள் புருஷன் கொத்திக்கொண்டிருந்தான். மிளகும் சோம்பும் வெங்காயமும் சேர்ந்து வந்த அந்த வாசனையைப் பற்றி நான் எழுதுவது முறையல்ல. எதிரே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன், வாசனை அங்கேயும் வந்தது.

அண்ணனைப் பார்த்ததும் அவள் கை நிற்கவில்லை. "வாங்க" என்றாள். முன்னால் வந்த ஆளுக்கும் அதே 'வாங்க'தான்.

காசிமாயன் பலகையில் உட்கார்ந்தார். மந்தார இலையில் பன் வந்தது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மோந்து பார்க்க மறந்துவிட்டார். ஒரு கடி கடித்தார்.

நான் அந்த முகத்தை எத்தனையோ ஹோட்டல் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். மென்றுகொண்டே மூக்கைச் சுளிக்கும், புருவம் ஏறும், வசவு தயாராகும். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாக மென்றார். விழுங்கிய பிறகும் வாயை மூடியபடியே இருந்தார். பிறகு பன்னை எடுத்த கை தானாக மறுபடி வாய்ப்பக்கம் போயிற்று. பாதி வழியில் மில் ஆட்கள் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். மரத்தடியில் நிற்கும் என்னையும் கண்டார். வரிசையில் ஒருவன், "பரீட்சைக்காரவுகடா" என்று பக்கத்து ஆளிடம் சொன்னான். கை இறங்கிவிட்டது. பன்னை இலையில் வைத்துவிட்டு எழுந்து போய்ப் பானையில் மொண்டு கை கழுவினார்.

"தேவலாம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது. மடியிலிருந்து இரண்டணாவை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, அவள் தள்ளுவதற்காகக் காத்திருந்தார்.

தங்கப்பொண்ணு காசைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தாள்.

"மிச்சம் இருக்கு" என்றாள்.

"நான் எங்கயும் ஒரு கடிக்கு மேல திங்கிறதில்ல. ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். தவசி காதுகுத்துலயே பாத்தேன்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்பக்கம் கொத்துகிற சத்தம் நின்றது. காசிமாயன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொறை சொல்லி மிச்சம் வைக்கலத்தா. இது பழக்கம்."

"அன்னைக்கும் அதுதேன்" என்றாள். கல்லில் கிடந்த கறியைத் திருப்பிப் போட்டாள். "இன்னும் ஒத்த வாயி வச்சிருந்தீகன்னா இந்தக் காசத் தொட்டிருக்க மாட்டேன். எம் புள்ளைக்கு ஒங்க மகள இன்னைக்கே பேசி முடிச்சிருப்பேன். நீங்க எதுக்கு வந்தீகன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் இலைப்பக்கம் கையை நீட்டினார். அவள் முந்திக்கொண்டாள். மீதிப் பன்னோடு இலையை மடித்து, கொட்டகை ஓரத்தில் படுத்திருந்த நாய்க்குப் போட்டாள். இரண்டணாவை எடுத்துத் தகர டப்பாவில் போட்டாள்.

நாய் மோந்துவிட்டுப் போகவில்லை. ஒரு துணுக்கு விடாமல் தின்றது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காசக் குடுத்துட்டு மிச்சம் வச்சிட்டுப் போறவுக கடைக்கு வந்தவுக, ஒறவுக்கு வந்தவுக இல்ல" என்றாள். "பலகைய விடுங்க. மில்லுச் சங்கு ஊதப் போகுது, ஆளு நிக்கிது."

அவள் கத்தவில்லை, கண் கலங்கவில்லை. அடுத்தவனுக்குப் பன்னைப் பிளக்க ஆரம்பித்துவிட்டாள். மதுரையில் எத்தனையோ தீர்ப்புகளை நான் அச்சடித்திருக்கிறேன். அத்தனை சுருக்கமாக ஒன்றுகூட வந்ததில்லை.

ஜட்காவில் திரும்பினோம். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தப் பெண் பாண்டியம்மாளை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. இவர் மீசைக்கு அவள் வாழ்க்கையா விலை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அந்த மீசைக்கு எண்ணெய் போட்டவன் நான்தானே.

டவுன் நெருங்கும்போது அவரே வாயைத் திறந்தார்.

"இந்த வாரம் என்ன எழுதுவீக சாமி?"

"நீர் சொன்னதைத்தான். தேவலாம்."

"அது வேணாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மதுரையில இம்புட்டு நல்லா எங்கயும் இல்லன்னு போடுங்க. முழுசாத் தின்னாத்தேன் அதோட அருமை தெரியும்னு போடுங்க."

"நீர்தான் முழுசாத் தின்னவில்லையே ஓய்" என்றேன்.

அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டே வந்தார்.