மாப்பிள்ளை அறையில் தண்ணீர்

கோரை வாய்க்கால் பாசனத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்காலாக இருந்திருந்தால் ஊர் அதை மதித்திருக்கும். அது வடிகால். வயலிலும் தெருவிலும் மிஞ்சின தண்ணீரை வாங்கி ஆற்றில் கொண்டுபோய் விடுவதோடு அதன் வேலை முடிந்தது. தண்ணீர் வருகிற வழிக்காக நம் ஆட்கள் வெட்டு குத்து வரை போவார்கள். போகிற வழியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஐப்பசியில் அடுப்படிக்குள் தவளை வந்தபிறகுதான் அப்படி ஒரு வாய்க்கால் இருந்ததே ஞாபகம் வரும்.

கூத்தாநல்லூருக்குக் கிழக்கே இருந்த அந்தச் சிற்றூரில், மெஹராஜ் பேகத்துக்கு மட்டும் அது கோடையிலும் ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 'கோரை வாய்க்கால் நண்பர்கள்' என்று ஒரு குழுவை ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கையில் அரிவாளோடு இறங்கிவிட்டார். முதலில் ஊர் சிரித்தது. குவைத்தில் இருந்த கணவர், "பொண்ணு கல்யாணத்த முடி, அப்புறம் வாய்க்கால பாரு" என்று போனில் சொல்லிப் பார்த்தார். டீச்சர் யார் சொல்லி எதைக் கேட்டிருக்கிறார்? வாய்க்காலுக்கு மேற்கே நிலம் வைத்திருந்த மருதையன் வந்து சேர்ந்தார். தஞ்சாவூரில் பாங்கு வேலையில் இருந்த சாய்ராம், சனிக்கிழமை ஊருக்கு வரும்போதெல்லாம் புதுக் கையுறையோடு வந்தார். இன்னும் சிலபேர். காட்டாமணக்குப் புதரை வெட்டி, வெங்காயத்தாமரையை வாரிக் கரையேற்றி, மேற்கேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஊர்க் கல்யாண மஹாலுக்குப் பின்பக்கம் வந்து சேர்ந்தபோது வாய்க்காலைக் காணவில்லை.

புதர் மண்டிக் கிடந்ததால் இத்தனை நாளாக யாருக்கும் தெரியவில்லை. மஹாலின் கார் நிறுத்துமிடத்துக்காக வாய்க்காலை மண்ணடித்து மேடாக்கி, மேலே சிமெண்டுத் தளம் போட்டு, அடியில் ஒரு சிமெண்டுக் குழாயைப் போட்டிருந்தார்கள். குழாய்க்குள் கையை விடலாம், தலையை விட முடியாது. அதற்குள்ளும் பாதி சேறு. மருதையன் குனிந்து பார்த்துவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தார். சாய்ராம் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, பையிலேயே போட்டுக்கொண்டார். மஹாலின் சொந்தக்காரர் ஜெய்னுலாபுதீன். அவருடைய மகன் ஷஹ்பாஸுக்குத்தான் டீச்சரின் ஒரே மகள் அஃப்ரீனைப் பேசி முடித்திருந்தது. தை மாதம் நிக்காஹ்.

அஃப்ரீனுக்கு ஷஹ்பாஸைப் பிடித்திருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து அவள் போனில் பேசிச் சிரிக்கிற சிரிப்பு டீச்சருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த வாரம் குழு கூடியபோது மஹால் பேச்சையே ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாரும் வெயிலைப் பற்றியும் டீயைப் பற்றியும் பேசினார்கள். டீச்சர் மருதையனைத் தனியே பிடித்துக் கேட்டார். அவர் மறைக்கத் தெரியாத மனுஷன்.

"கலெக்டர்ட்ட மனு குடுக்கலாம்னு இருக்கோம் டீச்சர். அதுக்குன்னு வாட்ஸப்புல தனியா ஒரு குரூப்பு போட்டிருக்காரு சாய்ராம் சார். உங்களுக்கு சங்கடமா இருக்குமேன்னுதான் உங்களச் சேக்கல."

"நான் ஆரம்பிச்ச குழுவில நான் இல்லையா?"

"உங்க நல்லதுக்குத்தான் டீச்சர்."

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளையை மட்டும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினமாதிரி இருந்தது. மனு போனால் கல்யாணம் நிற்கும். மனு போகாவிட்டால் ஐப்பசி மழையில் மருதையனின் சம்பா அழுகும், டீச்சர் குடியிருந்த மேலத்தெரு முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கும். பாம்பும் சாகவேண்டும், தடியும் உடையக்கூடாது. "எனக்கு ஒரு வாரம் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஜெய்னுலாபுதீனைப் பார்க்கப் போனார்.

சம்பந்தி வீட்டு உபசாரத்துக்குக் குறைவில்லை. சமோசா வந்தது, ரோஸ்மில்க் வந்தது. ஜெய்னுலாபுதீன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தண்ணிக்கு யாரும் வழி சொல்லிக் குடுக்கணுமா டீச்சர்? அதுவா போயிரும்."

"போகல காக்கா," என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார் டீச்சர். "எங்க தெருவுலதான் நிக்கிது. அஃப்ரீனுக்குக் குடுக்கப்போற எங்க வீடும் அங்கதான் இருக்கு."

"அப்ப தரைய ரெண்டடி ஒசத்திருங்க. கொத்தனார நான் அனுப்புறேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். அந்தக் குடும்பங்களில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். பெண் பிறந்ததுமே தகப்பன் கடல்கடந்து போவது அவளுக்கு ஒரு வீடு கட்டத்தான். ஆக, தன் மகன் ஆயுசுக்கும் படுத்துத் தூங்கப்போகிற அறையின் வடிகாலைத்தான் ஜெய்னுலாபுதீன் மண்ணடித்து மூடியிருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இதைவிடச் சுத்தமாக யாரும் செய்துவிட முடியாது.

இதையே டீச்சர் அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சம்பந்தியிடம் பெண் வீட்டார் அப்படிப் பேசக்கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்தது குறுக்கே நின்றது. ரோஸ்மில்க்கைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அந்த வார வியாழக்கிழமை, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வருகிற நாள். மாப்பிள்ளைக்கு ஒதுக்கின அறை, கட்டில், பீரோ எல்லாவற்றையும் பார்த்து மனநிறைவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது முறை. பெண் அன்றைக்கு வீட்டில் இருக்கக்கூடாது என்பதால் அஃப்ரீனைக் காலையிலேயே அவள் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவள் போனபிறகு பிடித்த மழை லேசில் விடவில்லை. தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, மெதுவாகக் கூடத்துக்குள் வந்தது. வீட்டுக்குப் பின்னால் மோட்டார் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதைப் போட்டுத் தண்ணீரைத் தெருவுக்கே திருப்பி விடுவதுதான் வழக்கம். டீச்சர் பின்கட்டுக்குப் போனார். சுவிட்சில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, மோட்டார் நனையாமல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு உள்ளே வந்து, கட்டிலில் புது விரிப்பை விரித்தார். நாம் பொய் சொல்லவில்லை, உண்மையைத் துடைத்து வைக்கவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜெய்னுலாபுதீனின் மனைவி ஃபஹ்மிதா, தலைக்குமேல் ஒருத்தி குடை பிடிக்க, ஒரு கையில் தம்ரூட் என்கிற ரவை இனிப்புத் தட்டோடு, பட்டுச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பின்னால் நாலைந்து பெண்கள், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. மாப்பிள்ளை அறைக்குள் கட்டில் கால்கள் தண்ணீரில் நின்றன. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கெண்டைக்குஞ்சு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணி எங்கேருந்து லாத்தா வருது?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார் ஃபஹ்மிதா.

"எங்கேருந்தும் வரல. போக வழியில்லாம நிக்கிது."

"எந்தப் பக்கம் போகணும்?"

"உங்க மஹால் பக்கம்."

ஃபஹ்மிதா தம்ரூட் தட்டைக் கட்டில்மேல் வைத்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பின்கட்டுக் கதவு வரை நடந்துபோய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

மறுநாள் ஜும்மாவுக்கு முன்னாலேயே மஹாலுக்கு ஜேசிபி வந்துவிட்டது. ஜெய்னுலாபுதீனே குடையோடு நின்று சிமெண்டுத் தளத்தைப் பெயர்க்கச் சொன்னார். வீட்டில் அவர் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். குழாய் வெளியே வந்ததும் தேங்கி நின்ற தண்ணீரெல்லாம் ஒரே இரைச்சலாக ஆற்றுப் பக்கம் ஓடியது. சாயங்காலத்துக்குள் மருதையனின் சம்பாப் பயிர் தலையை வெளியே காட்டியது. அவர் வரப்பில் நின்று டீச்சருக்குப் போன் போட்டு, தண்ணீர் ஓடுகிற இரைச்சலைக் கேட்க வைத்தார். சாய்ராம் டீச்சரைத் தனிக் குரூப்பில் சேர்த்துக் கைகூப்புகிற படம் போட்டார். மனுவுக்கு வேலையே இல்லாமல் போனது.

இரண்டு நாள் கழித்து ஃபஹ்மிதா கூப்பிட்டார்.

"தேதிய கொஞ்சம் தள்ளி வச்சுக்குவோம் லாத்தா."

தேதியைத் தள்ளி வைப்பது என்றால் என்ன என்று எந்த ஊரிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "வாய்க்கால்தான் தொறந்தாச்சே?" என்றார் டீச்சர்.

"தொறக்க வேண்டியதுதான். எங்க மேலதான் தப்பு. அத நான் அவர்ட்டயே சொல்லிட்டேன்." ஃபஹ்மிதாவின் குரலில் சூடு இல்லை. "ஆனா பின்பக்கம் மோட்டார ஓட்டாம தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தீங்க, பாத்தேன். வாயத் தொறந்து எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே வந்து நின்னிருப்பேன். சொல்லாம எங்கள தண்ணியில நடக்க வச்சிட்டீங்க. நாளைக்கு எம்புள்ளைக்கும் எதையும் சொல்லமாட்டீங்கன்னு பயமா இருக்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மாடிப்படியில் அஃப்ரீன் உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில்தான் பேசியிருக்கிறோம் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் அழவில்லை. அழுதிருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். இறங்கி வந்து, ஈரம் காயாத மாப்பிள்ளை அறையை ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.

"மேலத்தெருவுல எத்தன வீட்டுக்குள்ள தண்ணி நிக்கிதுன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, மோட்டாரப் போடாதீங்கன்னு நானே சொல்லியிருப்பேன். ஷஹ்பாஸ்ட்டயும் நானே பேசியிருப்பேன்."

டீச்சர் வாயைத் திறந்தார். உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வந்தவர், சொல்லவில்லை.