தாம்பாளத்தில் நான்கு கைகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் தேர் ஒரே ஒரு முறைதான் ஓடியது: 1994ஆம் ஆண்டு, ஆடிக் கடைசி வெள்ளி. மறு ஆண்டு மழையில் தேர்ப்பாதை சரிந்தது. அதைத் திருத்தப் பதினோராண்டு பிடித்தது. 2006இல் பாதை ஆயத்தமானபோது தேரை மறிக்க வேறொன்று வந்து நின்றது. அதுதான் முதல் தாம்பாளம்.

தேர் புறப்படுமுன் பூசாரி, தேங்காயும் மாலையும் வைத்த தாம்பாளத்தை ஊர்த் தலைமகன் ஒருவரிடம் கொடுப்பார். வாங்கியவரே வடத்தை முதலில் தொடுவார்; 1994இல் வாங்கியவரின் தரப்புக்கே இம்முறையும் அந்த உரிமை. அன்று வாங்கியவர் மேல் டிவிசன் தலைவர் வேலுசாமி என்பது அவர் மனைவி கருப்பாயி அம்மாளின் கட்சி. கீழ் டிவிசன் தலைவர் சடையாண்டி என்பது அவர் மகன், ஓட்டோ ஓட்டும் பிரதீபனின் கட்சி. அவ்விரு தலைவர்களும் காலமாகிவிட்டனர். கொடுத்த பூசாரியும் காலமாகிவிட்டார். திருவிழாவுக்குப் பதினொரு நாள் இருக்கையில் மேல் டிவிசனார் வடத்தைத் தங்கள் வாசிகசாலையில் வைத்துப் பூட்டினர். கீழ் டிவிசனார் சக்கரத்துக்கு அண்டைகொடுக்கும் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு போயினர். வடமின்றித் தேர் நகராது. கட்டையின்றி எங்கள் சரிவில் நில்லாது.

நான் ஆலயச் செயலாளன். தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பிப்பவன். அன்று தேரின் பின்னே பதிகம் பாடிச் சென்ற ஒன்பது பேரில் இன்னும் குரல் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. அம்மை மீண்டும் வீதிக்கு வரவேண்டும். அவள் பின்னே நான் பாடிச் செல்லவேண்டும். எனக்கு வேறு வழக்கு இல்லை.

"வீடியோ இருக்குல்ல சேர்? போட்டுப் பாத்திட்டா முடிஞ்சிச்சு," என்றான் பிரதீபன்.

இருந்தது. முந்திய ஆண்டு இரத்தினபுரியில் ஒரு கடையில் கொடுத்துப் பழைய ஒளிநாடாவை இறுவட்டாக, அதாவது சீடியாக, மாற்றியிருந்தோம். ஆலய மண்டபத்தில் இரு டிவிசனாரும் கூடியிருக்க அதை ஓடவிட்டேன். அசைந்த பொருள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சீப்புப் பற்கள் முளைத்திருந்தன. தாம்பாளம் கைமாறும் இடத்தில் நிறுத்தினேன். திரையில் இரண்டு தாம்பாளங்கள், புகைபோல. வேலுசாமிக்கும் நான்கு கை, சடையாண்டிக்கும் நான்கு கை. பூசாரிக்கு இரண்டு தலை.

"பாத்துக்கிடுங்க, எங்க வீட்டுக்காரர் கையில தாம்பாளம்!" என்றார் கருப்பாயி.

"எங்கப்பா கையில இருக்கிறது என்ன, சப்பாத்திக் கல்லா?"

மண்டபம் இரண்டாயிற்று. மூன்று தினங்களாக நான் கட்டிவந்த சமாதானம் ஒரு பொத்தானை அழுத்தியதில் உடைந்தது.

மறுநாள் இறுவட்டோடும் மூல நாடாவோடும் பெல்மதுளைக்குப் புறப்பட்டேன். என்னைத் தனியே அனுப்ப இரு தரப்பும் இசையவில்லை. ஆகவே பிரதீபனின் ஓட்டோவில், பின்னிருக்கையில் கருப்பாயி அம்மாள் என்னோடு அமர, மூவரும் சென்றோம். வழிநெடுக இருவரும் தங்களுக்குள் பேசவில்லை; எல்லாவற்றையும் என்னிடமே பேசினர்.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க வாத்தியாரே. தேர ஓட்டுறவங்க பரம்பரை இல்லியே."

"கால் நீட்ட வேணாம்னு சொல்லுங்க சேர். இது அவங்க வாசிகசாலை இல்ல."

பெல்மதுளையில் நாங்கள் தேடிச் சென்ற நஸ்லின், தன் குடும்பத்துத் துணிக்கடையின் பின்னறையில் கணினி வைத்துத் திருமண வீடியோக்களைத் தொகுப்பவர். முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் பெண்கள் பகுதியைப் படம்பிடிக்கப் பெண் வேண்டும். சுற்று வட்டாரத்தில் அந்த வேலைக்கு அவர் ஒருவரே. இறுவட்டைப் போட்டுப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது.

"யாரு சேர் இத செஞ்ச?"

நான் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

"நம்மட டேப்புல ஒரு செக்கனுக்கு இருவத்தஞ்சு படம். இதுல முப்பதுன்டு மாத்தீக்கி. இல்லாத படத்துக்கு எங்க போற? முன்னுக்கு ஈக்கிறதயும் பின்னுக்கு ஈக்கிறதயும் ஒன்டாக் கலந்து ஊத்தீக்கி. அதான் பேய் மாதிரி தெரீது."

"பிரிக்க முடியாதா?"

"சாயத்தண்ணியில பால ஊத்திட்டுப் பிரின்டா ஏலுமா?"

நீரை விலக்கிப் பாலை உண்ணும் அன்னத்தைப் பற்றி இருபதாண்டுகளாக வகுப்பில் கற்பித்து வருகிறேன். வேண்டிய வேளையில் ஓர் அன்னம் அகப்பட்டதில்லை.

"சீப்பு மாதிரி ஈக்கிறது வேற வருத்தம், வேற நோய்," என்று தொடர்ந்தார் நஸ்லின். "ஒவ்வொரு படமும் ரெண்டு அரப்படம், சேர். ஒத்தக் கோடு ஒன்டு, ரெட்டக் கோடு ஒன்டு. ஒன்டுக்குப் பொறகுதான் மத்தது எடுபடும். அதுக்குள்ள ஆள் அசைஞ்சிட்டா ரெண்டும் பொருந்தாது. அத நான் சரியாக்குவேன். ஆனா கலந்தத பிரிக்க ஏலா. மூல டேப்பத் தாங்க."

சுற்றியிருந்த பட்டுத்துணியை அவிழ்த்து நாடாவைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேப்புக்கு யாரு சேர் பொட்டு வெச்ச?"

"அம்மன் ஊர்வலம் உள்ள நாடா. ஆயுதபூசை தோறும் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடுவோம்."

"எத்தின வருஷமா?"

"பன்னிரண்டு."

"இந்த ஓட்டைக்குள்ளயும்?"

"அது கண்ணு மாதிரி இருந்திச்சு, அதான் நான் வெச்சேன்," என்றார் கருப்பாயி, சற்றும் கூசாமல்.

நஸ்லின் நாடாவின் கூட்டைக் கழற்றினார். உள்ளிருந்து சந்தனப் பொருக்கும் திருநீறும் கொட்டின. இடுக்கியால் ஒரு காய்ந்த செவ்வந்தி இதழை எடுத்து மேசைமேல் வைத்தார். பிரதீபன் சிரித்தான். "மேல் டிவிசன் பக்தி, சேர்."

"போன வருசம் தீபம் காட்டுறேன்னு மூலைய உருக்கினது யாருன்னு கேளுங்க வாத்தியாரே."

உருக்கியவன் பிரதீபன்தான். அன்று அவன் அதன்பின் சிரிக்கவில்லை.

நாடாவைத் துடைத்து வேறு கூட்டுக்கு மாற்றவே இரண்டு மணி நேரம் சென்றது. கணினியில் பதிவாகும்போது ஒருமுறை திரை முழுதும் பனி கொட்டிற்று. நாடா ஓட்டும் இயந்திரத்தின் தலையில் திருநீறு ஏறியிருந்தது. மீண்டும் துடைத்து, மீண்டும் முதலிலிருந்து. பிற்பகலில் முதற்பார்வைக்கு ஓடவிட்டார். தேர் ஓரடி முன்னே சென்று அரையடி பின்னே வந்தது. மறுபடி முன்னே, மறுபடி பின்னே.

"ஐயோ, தேர் பின்னுக்கு வருதே! அபசகுனம்!" என்று கருப்பாயி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சகுனமில்ல உம்மா. எந்த அரப்படம் முந்தி, எந்த அர பிந்தின்டு நான் மாறிக் குடுத்திட்டேன்." நஸ்லின் எதையோ மாற்றினார்.

தேர் நேராக நடந்தது. சீப்புப் பற்கள் இல்லை. பூசாரிக்கு ஒரே தலை. பந்தலின் மாவிலைகள் தனித்தனியே ஆடின. வேலுசாமியின் முகம் தெளிந்தபோது கருப்பாயி அம்மாள் திரையருகே குனிந்தார்.

"மனுசன் சவரம் பண்ணாம வந்து நின்னிருக்காரு. அன்னிக்கே சொன்னேன்," என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

தாம்பாளம் நீண்டது. நஸ்லின் ஒவ்வொரு படமாக நகர்த்தினார். ஒரே தாம்பாளம். அதில் நான்கு கைகள்.

"இன்னும் சரியா எடுபடல," என்றார் கருப்பாயி உடனே. "ஒரு ஆள் ஒட்டிக்கிட்டே இருக்கு. அதையும் அழிச்சிறச் சொல்லுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன் சேர். அழிக்க வேண்டியது அவங்க ஆள."

காலை ஆறு மணிக்கு ஒரு தேநீரோடு புறப்பட்டவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு நஸ்லினைப் பார்த்தேன்.

அவர் திரையில் விரல் வைத்தார். "பேய்க் கைன்டா பின்னால ஈக்கிற சேலை அதுக்குள்ளால தெரியணும். தெரீதா? நிழலப் பாருங்க. தாம்பாளத்துக்கு ஒரு நிழல். நாலு கைக்கும் நாலு நிழல். ஒன்டும் கலக்கல்ல. ரெண்டு பேரும் புடிச்சித்தான் ஈக்காங்க."

மேலும் ஓடவிட்டார். வேலுசாமி தம் பக்கம் இழுத்தார். சடையாண்டி தம் பக்கம் இழுத்தார். தேங்காய் உருண்டு விழப் பூசாரி தாங்கிப் பிடித்தார். இருவரும் விடவில்லை. இறுதியில் தாம்பாளத்தை நடுவில் வைத்து, முறைத்தபடியே பக்கவாட்டில் நடந்து, வடத்தை அடைந்து, ஆளுக்கொரு கையை விடுவித்து ஒரே கணத்தில் தொட்டனர். பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். அவர் பின்னே கையில் தாளத்துடன், இன்னும் நரைக்காத தலையோடு, நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதையெல்லாம் கண்டிருக்கவேண்டியவன் நான். பதிகத்தின் முதலடியை மனத்துள் கூட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

நஸ்லின் படத்தை அங்கேயே நிறுத்தினார்.

"எங்க ஆளு விடமாட்டாரே," என்றார் கருப்பாயி. வாய் இறுகியிருந்தாலும் கண்கள் சிரித்தன.

"எங்கப்பா மட்டும் விட்டாரா?" என்றான் பிரதீபன். அன்று காலையிலிருந்து அவன் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுவே.

"அப்ப ரெண்டு டிவிசனும் சேந்து வாங்கிற வேண்டியதுதான். அவரு பேருக்கு நான் புடிக்கிறேன்."

"சரி. கட்டைய நாளைக்கே கொண்டாந்து போடுறோம். வடம்?"

"சாவி இடுப்புலதான் இருக்கு."

கும்பிட்டேன். நஸ்லின் புதிய இறுவட்டைக் கையில் கொடுத்து, இதற்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று மூவரிடமும் தனித்தனியே வாக்கு வாங்கினார். ஓட்டோவருகே சென்றோம். கருப்பாயி ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றார்.

"அது சரி வாத்தியாரே. வலது பக்கம் நின்னது எங்க ஆளுதானே?"

"அது சாமிக்கு வலதா, பாக்கிறவங்களுக்கு வலதா?" என்றான் பிரதீபன். "சேர், இன்னொருக்கா உள்ள போய்ப் பாத்திட்டு வந்திருவமா?"

இறுவட்டைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன்.

"ஓட்டோவை எடு," என்றேன்.