கத்தரித் தோட்டத்துப் பொறிவண்டுப் புழு

மலேசியாவில், ஜெஞ்சாரோமில் தங்கமணியின் கத்தரித் தோட்டத்துக்கு வந்த புழு, கன்றுக்குட்டி அளவு இருந்தது. அந்த வருடம் மழை சரியாகப் பெய்தது, காயும் நல்ல விலைக்குப் போனது. வேறு முன்னறிகுறி எதையும் யாரும் சொல்லவில்லை. கறுத்த உடம்பு, முதுகெல்லாம் முள், இரண்டு விலாவிலும் ஆரஞ்சுப் பட்டை, ஆறு கால். முதலைக்குட்டி என்றார்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள். அவள் கணவர் நாகையா பூச்சிமருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இத்தனை பெரியது இலை தின்ன ஆரம்பித்தால் தோட்டமே மிஞ்சாது என்பது அவர் கவலை. தங்கமணி குறுக்கே போய் நின்றாள். அது அவளைப் பார்த்துத் தலையைத் தூக்கியிருந்தது.

ஷா ஆலமிலிருந்து பூச்சிகளைப் பற்றிப் படித்த சிந்துஜா என்ற பெண் வந்தாள். அளவைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. முள்ளைத் தடவினாள், குனிந்து வாயைப் பார்த்தாள். கத்தரி இலையைச் சுரண்டும் வகை மஞ்சளாக, கிளைவிட்ட முள்ளோடு இருக்கும் என்றாள்.

"இது நல்ல பொறிவண்டோட புழு, ஆன்டி. இலையைத் தொடாது. செடிச் சாற்றை உறிஞ்சுற அசுவினிப் பூச்சியத்தான் தின்னும். மருந்து அடிச்சிராதீங்க."

நாகையா டாங்கியை இறக்கி வைத்தார். கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தோட்டத்தில் இருந்த அசுவினியெல்லாம் ஒரே காலையில் தீர்ந்துபோனது. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் மருந்தடிப்பவர்கள். தங்கமணியும் நாகையாவும் வேனை எடுத்துக்கொண்டு கிள்ளான் வரை போய், பூச்சி பிடித்த பயற்றங்கொடி இருக்கிறதா என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டார்கள். சுத்தமான கொடியைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள் ஜனங்கள். தங்கமணி பால் வைத்தாள், மீனை மசித்து வைத்தாள். அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பாத்திகளுக்கிடையே அவள் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வந்தது. வர வர இளைத்து ஆட்டுக்குட்டி அளவானது. அவள் சிந்துஜாவுக்குப் போன் செய்தாள்.

"அது சாகப் போகுதும்மா. என்ன குடுக்கறது?"

"தெரியலை ஆன்டி. ஆபீஸ்ல வளக்கற அசுவினி ஒரு போத்தல்தான் இருக்கு. கொண்டு வரேன்."

போத்தல் அசுவினியை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, அடுத்ததற்காக அது வாயைத் திறந்தபடி நின்றது. மூன்று பேரும் வெறும் கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாகையா எழுந்து தண்ணீர்க் குழாயை மூடப் போனார். குழாய் திறந்திருக்கவில்லை.

மறுநாள் அது சமையலறையின் பின்சுவரில் தாழ்ந்த கூரையோரம் வரை ஏறி, வாலை ஒட்டிக்கொண்டு, சுருண்டு இறுகிவிட்டது. கூட்டுப்புழு என்றாள் சிந்துஜா. சின்னது என்றால் ஒரு வாரத்தில் வண்டாகிவிடும். பசியோடு போனது எப்போது வரும், வருமா என்பதை அவளால் சொல்ல முடியவில்லை.

வருடங்கள் போயின. கூரைத் தகரம் மாற்ற வந்தவர்கள் அதைச் சுற்றி வளைத்து வெட்டிப் பொருத்திவிட்டுப் போனார்கள். தங்கமணி சுவரோரமாகப் பயற்றங்கொடி போட்டாள், மருந்து காட்டவில்லை. இப்போது கொடி முழுக்க அசுவினி அப்பிக் கிடக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் சத்தம் போட்டால், அது வெளியே வரும்போது பசிக்கும் என்கிறாள். தினமும் காலையில் பாத்திரம் கழுவப் போகும்போது கூட்டின்மேல் கையை வைத்துப் பார்க்கிறாள். சில நாள் கதகதப்பாக இருக்கிறது, சில நாள் இல்லை.