தத்திப் போன எழுத்து

பழங்காலக் களிமண் பலகைகளில் இருக்கும் ஆப்பு வடிவ எழுத்துகளைக் கணினியில் பதிய, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. அதில் ஒரே ஒரு எழுத்து மூன்று வருஷமாக அவள் உயிரை வாங்கியது. ஒரே பலகையில்தான் இருந்தது, அதுவும் எப்போதும் ஜோடியாகவே வந்தது. குழுத் தலைவரோ அது ஒரு சாமியின் பெயரென்று அடித்துச் சொல்லி, நாற்பது பக்கக் கட்டுரையே எழுதிவிட்டார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வந்த தங்கை ஒரு கால்நடை மருத்துவர். திரையை எட்டிப் பார்த்தாள்.

“முன்னால மூணு விரல், பின்னால ஒண்ணு. அக்கா, இது குருவிக் கால்!”

“போடி! அப்புறம் ஏன் ஜோடி ஜோடியா வருது?”

“குருவி ரெண்டு காலையும் சேர்த்துத்தானே தத்தும்? களிமண் காயறதுக்குள்ள மேல தத்திட்டுப் போயிருக்கு.”

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தலைவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் வெடித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

“வானத்துல இருந்து இறங்கி வந்த சாமின்னு எழுதியிருந்தேனேம்மா, அது மட்டும் சரிதானே!”